சட்டாம்பிள்ளைக்குச் சம்பளம்

2023 டிசம்பரில் அமீரகத்தின் கல்வி அமைச்சகமும் மனிதவள அமைச்சகமும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள் இனிமேல் பயந்து பயந்து எடுக்க வேண்டாம், அரசிடம் பர்மிட் வாங்கிக்கொண்டு சட்டப்படியே எடுக்கலாம் என்பது செய்தி. யார் யார் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியலில் பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள். வேறு வேலையில் இருப்பவர்கள், வேலை இல்லாதவர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களோடு இன்னொரு வரியும் இருந்தது: 15 முதல் 18 வயது வரையுள்ள பள்ளி மாணவர்கள்.

எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க டியூஷன் பீஸ் பற்றித்தான் பேச்சு. அந்த ஒரு வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை காசு வாங்கிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் கொடுத்திருக்கிறது. நாம் அதைத் தாண்டி அடுத்த பார்வர்டுக்குப் போய்விட்டோம்.

எனக்கு அந்த வரி மறுபடி ஞாபகம் வந்ததற்குக் காரணம், அபுதாபியில் இருந்து ஒரு வாசகி அனுப்பிய மெயில். பதினொன்றாம் வகுப்பு. டீச்சர் ஆக வேண்டும் என்று வீட்டில் சொன்னாளாம். அப்பா சிரித்தாராம், அம்மா பேச்சை மாற்றினாராம். "டாக்டர் ஆகணும்னு சொல்ற பிரெண்ட்ஸ் எல்லாம் லீவில் ஹாஸ்பிடலுக்குப் போய்ப் பார்க்கிறாங்க. இன்ஜினியரிங்னா கம்பெனி இன்டர்ன்ஷிப் இருக்கு. டீச்சர் ஆகணும்னா பிளஸ் டூவுக்கு முன்னாடி ஒரு கிளாஸ்ரூமில் நின்னு பார்க்க வழி உண்டா அண்ணா? அதுக்குக் காசு தருவாங்களா?"

நல்ல கேள்வி. கடைசி வாக்கியம் மிகவும் நல்ல கேள்வி. காசு என்று வந்தால்தான் வீட்டில் சிரிக்கிறவர்கள் சிரிப்பை நிறுத்துவார்கள். இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பதில் துபாயில் தொடங்கவில்லை. சென்னை எழும்பூரில் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் நம் ஊர்த் திண்ணையில்.

திண்ணை என்றால் தெரியும்தானே? ஊருக்குப் போகும்போது பழைய வீடுகளில் வாசலுக்கு இரண்டு பக்கமும் உட்காருவதற்கு மேடை கட்டியிருப்பார்கள். இரு நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் அதுதான். ஒரு வாத்தியார், இருபது முப்பது பிள்ளைகள். ஒருவன் இன்று காலையில்தான் சேர்ந்திருப்பான், மணலில் விரலால் 'அ' எழுதிக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். இன்னொருவன் நெல் அளக்கிற கணக்கில் இருப்பான். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. ஓர் ஆள் இத்தனை பேரையும் எப்படிச் சமாளிப்பது?

அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவர்களில் கெட்டிக்காரனாக ஒருவனை வாத்தியார் பிடித்து வைத்துக்கொள்வார். சின்னவர்களுக்கு எழுத்து போட்டுக்கொடுப்பது அவன். பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதும் அவன்தான். பள்ளிக்கு வராதவனை வீடு தேடிப் போய் இழுத்து வருவதும் அவன் வேலை. சமயத்தில் பிரம்பும் அவன் கைக்கு வரும். இன்றும் யாராவது அளவுக்கு மீறி அதிகாரம் செய்தால், "சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே" என்று பெரியவர்கள் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பையன்கள் விட்டுச்சென்ற பெயர் அது!

அவனுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வாத்தியாருக்கே வரும்படி குறைவு. நவராத்திரி நாட்களில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போய் வாத்தியாருக்குப் பணம் சேர்த்துக் கொடுப்பார்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 1826இல் அதன் முடிவுகளைத் தொகுத்து எழுதினார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். நல்ல வாத்தியாருக்கே மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, இந்தக் காசுக்குத் தகுதியான ஆட்கள் இந்த வேலைக்கு எப்படி வருவார்கள் என்று மன்றோ அன்றே கேட்டிருக்கிறார். இருநூறு வருடம் ஆகிறது. ஆசிரியர் சம்பளம் பற்றிய பேச்சு பெரிதாக மாறிவிட்டது என்று சொல்ல முடியுமா?

(திண்ணைப் பள்ளியைப் பற்றி இன்று பெருமையாகப் பேசுகிறவர்கள் அந்த 4,540 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலித் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைகள் பெரும்பாலும் மூடியே இருந்தன என்பதையும்தான்.)

அந்தக் கணக்கெடுப்புக்காகப் பல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை சுவாரசியமானது. பல்லாரி தெலுங்கும் கன்னடமும் பேசும் பகுதி, ஆனால் பள்ளி முறை ஏறக்குறைய இதேதான். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு பூஜ்யம். மூன்றாவது ஆளுக்கு ஓர் அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு. நம் பள்ளி பஸ் லேட்டானால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். அந்த அறிக்கையில் கேம்ப்பெல் ஒரு விஷயத்தை மனம் திறந்து பாராட்டுகிறார். முன்னேறிய மாணவர்கள் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அப்படிச் சொல்லிக்கொடுப்பதாலேயே தாங்கள் கற்றதும் உறுதிப்படுவதும் போற்றத்தக்கது, இங்கிலாந்து இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது சரிதான் என்கிறார்.

இங்கிலாந்து எப்படிப் பார்த்தது? இப்போது எழும்பூர்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753இல் பிறந்தவர், 1787இல் சென்னைக்கு வந்தார். இரண்டு வருடத்தில் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்; பலருக்குத் தாய் இந்தியப் பெண். சம்பளத்துக்கு வைத்திருந்த உதவி ஆசிரியர்களோடு பெல்லுக்கு ஒத்துப்போகவில்லை. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு "மலபார் பள்ளி"யைப் பார்க்கிறார். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் தமிழையும் மலபார் என்றுதான் சொல்வார்கள், கேரளாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காகிதமும் பேனாவும் வேண்டாம், செலவே இல்லை.

விடுதிக்குத் திரும்பியதும் சின்ன வகுப்புக்கு இதே மாதிரி மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று உதவி ஆசிரியரிடம் சொன்னார். அதெல்லாம் நடக்காது என்று பதில் வந்தது. பெல் சண்டை போடவில்லை. விடுதி மாணவனான ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் கொடுத்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். வயது எட்டு.

எட்டு வயதுப் பையன் சாதித்துக் காட்டினான். பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவ ஆசிரியன், அவனுக்கு ஓர் உதவியாளன், வகுப்புக்குள் கெட்டிக்காரனும் மெதுவாகப் படிப்பவனும் ஜோடி ஜோடியாக என்று விடுதியையே பெல் மாற்றி அமைத்தார். 1796இல் ஊருக்குக் கப்பல் ஏறினார். அடுத்த வருடம் லண்டனில் சின்னப் புத்தகம் ஒன்று போட்டார். ஒரு பள்ளி தனக்குத் தானே கற்பித்துக்கொள்ள முடியும் என்பதுதான் அதன் சாரம். சில வருடங்களில் "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. 1811இல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி என்ற சர்ச் அமைப்பு ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அதை நடத்தியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் அவருடைய சொந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ்தான். ஸ்காட்லாந்தில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது போய் வாசலில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் 1798 முதல் இதே மாதிரி நடத்தினார். ஒரே ஒரு வாத்தியார் இருந்தால் ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று சொல்லிக்கொண்டார். ஒழுங்காக இல்லாத பையனைக் கூடையில் உட்கார வைத்துக் கூரையில் தொங்கவிடுவார்களாம். நம் சட்டாம்பிள்ளையின் பிரம்பே தேவலை.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? காரணம் எளிமையானது. மலிவு. பாடம் நடத்துகிற பிள்ளைக்கு அநேகமாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், ஆனால் அதிகம் செலவாகக் கூடாது என்று நினைத்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். திண்ணையில் சட்டாம்பிள்ளை இருந்தது வாத்தியாருக்குக் கைத்துணையாக. அவர் அங்கேயே நாலடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். ஆயிரம் பேர் கூடத்தில் அந்தப் பிள்ளைதான் வாத்தியார். தான் நேற்றுக் கற்றதை இன்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்வான், அதற்கு மேல் யாராவது கேள்வி கேட்டால் முழிப்பான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று பெல்லும் லங்காஸ்டரும் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஒரு தலைமுறை கழித்து இதைப் புரிந்துகொண்டவர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த். மான்செஸ்டரில் காலரா காலத்தில் ஏழைகள் மத்தியில் வேலை பார்த்த டாக்டர், பிறகு அரசாங்கக் கல்விக் குழுவின் செயலாளர். 1830களில் நார்ஃபோக் பகுதியில் ஏழைகள் விடுதி ஒன்றில் வாத்தியார் நோயில் படுத்துவிட, அங்கிருந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வகுப்பை அழகாக நடத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். ஃபிரிஸ்கன் கதை மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஆனால் கே-ஷட்டில்வொர்த் எடுத்த முடிவு வேறு.

1846இல் அவர் கொண்டுவந்த விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இந்த வடிவமைப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது.

13 வயது நிரம்பிய மாணவனோ மாணவியோ ஐந்து வருடத்துக்குப் பயிற்சி ஆசிரியராகச் சேரலாம். அவர்களைப் பியூபில் டீச்சர் என்றார்கள்: மாணவரும் ஆசிரியரும் ஒரே ஆளில். 25 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவு. முதல் வருடம் 10 பவுண்டு. பிறகு வருடத்துக்கு இரண்டரை பவுண்டு கூடிக்கொண்டே போய் ஐந்தாவது வருடம் 20 பவுண்டு. அன்றைய பண்ணைக் கூலிக்கு வாரம் பத்து ஷில்லிங் கிடைத்தாலே அதிகம், அதாவது வருடத்துக்குச் சுமார் 26 பவுண்டு. பதின்மூன்று வயதில் பிள்ளையைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பும் வீட்டில், பள்ளியிலேயே இருந்துகொண்டு பத்து பவுண்டு கொண்டுவருவது சாதாரண விஷயம் இல்லை. மாணவருக்கான பணம் பள்ளி நிர்வாகத்தின் தயவில் இல்லை, அரசு கொடுத்தது. ஒவ்வொரு வருடமும் அரசு ஆய்வாளர் வந்து தேர்வு வைப்பார். கடைசியில் நல்ல தேர்ச்சி பெற்றால் ராணியின் பெயரால் உதவித்தொகை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத விதி இன்னொன்று. பயிற்சி ஆசிரியரை வைத்திருக்கும் தலைமை ஆசிரியருக்கும் தனியாகப் பணம் உண்டு. ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் வருடம் 5 பவுண்டு, இருவருக்கு 9, மூவருக்கு 12. அதற்காக அவர் பள்ளி நேரம் போக, தினமும் ஒன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். பிள்ளை தேர்வில் தவறினால் அவர் பணமும் போகும்.

என் வேலையில் புதிதாக வரும் பையன் எழுதிய கோடை ஒரு சீனியர் வரிவரியாகப் பார்க்காமல் வெளியே விடமாட்டோம். அந்தச் சீனியருக்கு அதற்கென்று நேரம் ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும்: "பார்த்தேன், ஓகே" என்று ஒரு டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். 1846இன் விதி அந்த நேரத்துக்கு விலை வைத்தது. சட்டாம்பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்ததோடு, சட்டாம்பிள்ளைக்கே ஒரு வாத்தியாரைக் கொடுத்தது. மெட்ராஸ் முறையில் இந்த இரண்டுமே இல்லை.

இதுவும் சொர்க்கம் இல்லை. 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த புதிய விதிகள் மாணவர்களின் தேர்ச்சிக்கு ஏற்பத்தான் பள்ளிக்குப் பணம் என்று மாற்றின. பயிற்சி ஆசிரியருக்கு அரசு நேரடியாகக் கொடுத்த பணம் நின்றது, தலைமை ஆசிரியருக்குக் கிடைத்ததும் நின்றது. சேருகிறவர்கள் குறைந்தார்கள். பகல் முழுக்க வகுப்பு, பிறகு சொந்தப் படிப்பு என்று பிள்ளைகள் களைத்தார்கள். 1888இல் முடிந்த கிராஸ் ஆணைய விசாரணையில் இவர்கள் மோசமாகக் கற்கிறார்கள், மோசமாகக் கற்பிக்கிறார்கள் என்றெல்லாம் சாட்சி சொன்னார்கள். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை ஏழை வீட்டுப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், உடலுழைப்பு அல்லாத வேலைக்கு ஏறிய படிக்கட்டு இதுதான். எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், 1902இல் சொந்த ஊரான ஈஸ்ட்வுட்டில் இப்படித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்.

இந்த யோசனை கப்பல் ஏறி நம் பக்கமும் திரும்பி வந்தது. 1854இல் சார்லஸ் வுட் இந்தியாவுக்கு அனுப்பிய கல்வி அறிக்கை, பள்ளிகளில் மாணவ ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை கொடுக்க வேண்டும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கும் சிறு தொகை கொடுக்க வேண்டும், தேறியவர்களைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று அதே மூன்று படிகளைச் சொல்கிறது. இரண்டு வருடம் கழித்து, 1856இல், சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இன்று சைதாப்பேட்டையில் இருக்கும் ஆசிரியர் கல்லூரியின் ஆரம்பம் அது. திண்ணையில் இருந்து புறப்பட்ட முறை, எழும்பூர் வழியாக லண்டன் போய், சம்பளம் ஒட்டிக்கொண்டு சென்னைக்கே திரும்பி வர அறுபது வருடம் ஆகியிருக்கிறது.

வளைகுடாவின் கதை வேறு மாதிரி. அரபு உலகத்தின் பழைய குர்ஆன் பள்ளிகளிலும் சட்டாம்பிள்ளை உண்டு. எகிப்தில் அவனுக்கு அரீஃப் என்று பெயர். இந்தப் பக்கத்தில் முதவ்வா என்ற ஆசிரியர் தன் வீட்டிலேயோ பள்ளிவாசலிலேயோ ஓதச் சொல்லிக்கொடுப்பார். பிறகு முத்து வியாபாரிகளின் பணத்தில் பள்ளிகள் எழுந்தன. குவைத்தில் 1911இல் முபாரகியா, துபாய் தேராவில் 1912இல் அல் அஹ்மதியா, பஹ்ரைனின் முஹர்ரக்கில் 1919இல் ஹிதாயா. அல் ராஸ் மெட்ரோவில் இறங்கி நடந்தால் அல் அஹ்மதியா கட்டடத்தை இன்றும் பார்க்கலாம். 1930களில் முத்து வியாபாரம் படுத்தபோது அந்தப் பள்ளியும் மூடிக் கிடந்தது, 1937இல் மீண்டும் திறந்தது. அப்போதெல்லாம் இங்கே புழங்கிய காசு நம் இந்திய ரூபாய்தான்.

ஆனால் ஆசிரியர்கள்? அவர்கள் பெரும்பாலும் வெளியில் இருந்து வந்தார்கள். 1936இல் குவைத்துக்குப் பாலஸ்தீனத்தில் இருந்து வந்தார்கள். ஷார்ஜாவில் 1953இல் நவீன முறையில் காசிமியா பள்ளி தொடங்கியபோது குவைத் கைகொடுத்தது. எகிப்தியர்கள் வந்தார்கள், ஜோர்டானியர்கள் வந்தார்கள். நமக்கென்று பஹ்ரைனில் 1950இலும் துபாயில் 1961இலும் இந்தியப் பள்ளிகள் வந்தபோது கேரளாவில் இருந்தும் தமிழ்நாட்டில் இருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். அமீரகக் குடிமக்களை ஆசிரியர் ஆக்குவதற்கு 2007இல் அபுதாபியில் தனிக் கல்லூரியே தொடங்கினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு படிக்கட்டை யாரும் போடவில்லை. ஊரில் விளம்பரம் கொடுத்தால் பி.எட். முடித்த ஆள் கிடைக்கும்போது எதற்குப் போட வேண்டும்? கணக்கு சரிதான். அதனால்தான் ஷார்ஜாவில் பிறந்த பெண் ஷார்ஜாவில் டீச்சர் ஆவேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கும் நூறு வருடப் பின்னணி இருக்கிறது.

நம் பள்ளிகளில் அந்தப் பழைய சட்டாம்பிள்ளை ஒரே ஒரு நாள் உயிரோடு வருவான். செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் சேலை கட்டிக்கொண்டு, பையன்கள் அப்பாவின் டை கட்டிக்கொண்டு சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கப் போவார்கள். நானும் போனேன். நான்காம் வகுப்பு, பின்னங்கள். போர்டில் ஒரு குபூஸ் வரைந்து பாதியாக வெட்டினேன், பாதியை மறுபடி வெட்டினேன். முதல் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "நாலு ரெண்டைவிடப் பெரிசு, அப்புறம் கால் எப்படி அரையைவிடச் சின்னதாகும்?" என்றான். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவன் முகம் மாறியது. பொறியியலில் முதுகலை வரை படித்திருக்கிறேன், அந்த முகம் மாறியது போல ஒன்றை எந்த லேபிலும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பீரியடில் வகுப்பின் பின்னால் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆசிரியர்கள் எல்லோரும் ஸ்டாப் ரூமில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் நாள் அது. அந்த மூன்று முயற்சிகளில் எது ஏன் வேலை செய்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது டிசம்பர் 2023 பர்மிட்டை இந்த வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். சம்பளம் உண்டு: பீஸ் வாங்கலாம், சட்டம் தடுக்காது. வாத்தியாருக்கு வாத்தியார் இல்லை. நடத்தை விதிகளில் கையெழுத்து வாங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் பாடத்தை உட்கார்ந்து பார்த்து "இந்த இடத்தில் அவசரப்பட்டாய்" என்று சொல்ல ஆள் இல்லை. தவிர, இது வீட்டு டியூஷனுக்கான பர்மிட். முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையை அது உங்களுக்குக் காட்டாது. ஃபிரிஸ்கனுக்கு வகுப்பறை இருந்தது, சம்பளம் இல்லை. நமக்குச் சம்பளம் இருக்கிறது, வகுப்பறை இல்லை.

உலகத்தில் ஆசிரியர் பஞ்சம் நிஜமானது. 2030க்குள் இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ. அமெரிக்காவில் 2022இல் டென்னசி மாநிலம், எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் இருப்பது போல ஆசிரியர் வேலைக்கும் சம்பளத்தோடு கூடிய அப்ரெண்டிஸ் முறையை மத்திய அரசின் ஒப்புதலோடு முதலில் தொடங்கியது. பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, ஓர் அனுபவ ஆசிரியரின் கீழ், பட்டமும் வாங்கலாம். 1846ஐத் தூசு தட்டி எடுத்தது போல இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக நடந்தது இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்த நேரம். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்தில் தொடங்கிவைத்தார்கள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை, தெருவிலேயே, தெருப்பிள்ளைகளுக்கு. ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கப் பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரம் ரூபாய் சம்பளமா என்று கேட்டால் இல்லைதான். மன்றோ கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம். ஆனால் அந்த மாலை நேரம் நடந்த இடத்தைக் கவனியுங்கள்: சில ஊர்களில் அது திண்ணை.

அபுதாபித் தங்கைக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் நடைமுறை விஷயங்கள். டியூஷன் பர்மிட்டுக்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும். கட்டணம் இல்லை. இரண்டு வருடம் செல்லும். பர்மிட் வாங்காமல் காசுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அது சட்ட மீறல், சிக்கல் அப்பா அம்மாவுக்கும் வரும். வகுப்பறைதான் வேண்டும் என்றால், மனிதவள அமைச்சகத்தின் பர்மிட் வகைகளில் மாணவர் பயிற்சிக்கென்றே ஒன்று இருக்கிறது; 15 வயதான, இங்கேயே வசிக்கும் மாணவர்களை ஒரு நிறுவனம் பயிற்சிக்கோ வேலைக்கோ எடுக்கலாம். பள்ளியும் ஒரு நிறுவனம்தானே? உங்கள் முதல்வரிடம் கேட்கலாம். கேட்கும்போது எவ்வளவு தருவீர்கள் என்பதோடு, நான் பாடம் எடுக்கும்போது பின் பெஞ்சில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள். அந்த ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பீரியடாவது குறைத்துக் கொடுப்பீர்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்பாவிடம் காட்ட ஒரு செய்தியும் உண்டு. 2024 அக்டோபரில், உலக ஆசிரியர் தினத்தன்று, சிறந்த தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் கோல்டன் விசா என்று துபாய் அறிவித்தது. நாங்கள் ஐ.டி.க்காரர்கள் வரிசையில் நின்று வாங்குகிற அதே விசா.